அச்சு மாறாமல் ரகம் மாறாது

திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணியைத் தாண்டி ஆர்.கே. பேட்டை பக்கம் போனால் வரும் அம்மையார்குப்பம் ஒரு நெசவு ஊர். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு வேறு ரகம் என்றால், அங்கே முதலில் பேச்சு வருவது அச்சைப் பற்றித்தான். மெல்லிய பற்கள் சீப்புபோல நெருக்கமாக நிற்கும் சட்டம் அது. பாவின் இழைகளை முதலில் விழுதின் கண்களில் கோர்த்து, பிறகு அச்சின் இடுக்குகளில் ஒவ்வொன்றாக இழுப்பார்கள். அங்குலத்துக்கு எத்தனை இழை, துணி எவ்வளவு அகலம் என்பதெல்லாம் நாடா ஒரு தடவைகூட ஓடுவதற்கு முன்பே அச்சில் தீர்மானமாகிவிடும். மெல்லிய நூலுக்கான அச்சில் தடித்த நூலை இழுத்தால் உராய்ந்து அறும். தடித்த நூலின் அச்சில் மெல்லிய நூலைக் கோர்த்தால் துணி சல்லடையாகும். ஓர் இழை இடம் மாறிப் போனாலும், பாவு தீரும்வரை அந்தத் தப்பு துணி நெடுக ஒரு கோடாக வந்துகொண்டே இருக்கும். தறியையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பேசத் தொடங்கினால் உடனே துளைகளால் தறிக்குக் கட்டளை சொல்லும் ஜக்கார்டு அட்டையின் கதைக்குப் போய்விடுவது வழக்கம். அதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அச்சுதான் கண்ணில் படுகிறது. சொந்தமாகப் புராசஸர் செய்யக் கிளம்பியிருக்கும் நம் நாட்டில் தறியைப் பற்றி ஊரே பேசுகிறது, அச்சைப் பற்றிப் பேச ஆளில்லை.

கம்ப்யூட்டரில் அந்த அச்சின் வேலையைச் செய்வது கெர்னல் கான்ஃபிகரேஷன். கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நடுமையம். நினைவகத்தைப் பங்கு போடுவது, எந்த நிரல் எப்போது ஓடலாம் என்று முறை வைப்பது, கீபோர்டு முதல் நெட்வொர்க் வரை எல்லா வன்பொருளோடும் பேசுவது இவையெல்லாம் அதன் பொறுப்பு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சிங்கியில் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்டெல் 386 என்ற ஒரே வகைப் புராசஸரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1995இல் வந்த 1.2 பதிப்பு ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் ஆகியவற்றையும் எட்டியது. இன்று அதன் மூலநிரல் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. சூப்பர் கம்ப்யூட்டருக்கும் அதுதான், கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் அதுதான். ஆனால் மூன்று கோடி வரியும் எந்த ஒரு எந்திரத்துக்கும் தேவைப்படாது. எது வேண்டும், எது வேண்டாம் என்று குறித்துக்கொடுத்த பிறகே கம்பைலர் அதை எந்திர மொழியாக்கும். அப்படிக் குறிக்க வேண்டிய இடங்கள் மட்டும் 15,000க்கு மேல். (தமிழில் மொபைல் ஆப்பும் 'செயலி', புராசஸரும் 'செயலி' என்று ஆகிவிட்டதால், குழப்பம் வேண்டாமென்று இங்கே புராசஸர் என்றே எழுதுகிறேன்.)

'மேக் மெனுகான்ஃபிக்' என்று தட்டினால் நீலத் திரையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று திறக்கும். படமோ ஐகானோ கிடையாது. வரிசையாக வரிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அடைப்புக்குறி. அதற்குள் நட்சத்திரம் இருந்தால் அந்தப் பகுதி கெர்னலோடு சேர்ந்தே உருவாகும். 'எம்' என்றிருந்தால் தனி மாட்யூலாக நின்று தேவைப்படும்போது ஏறிக்கொள்ளும். காலியாக இருந்தால் அது கெர்னலில் இல்லவே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் உதவிக் குறிப்பு உண்டு. பல குறிப்புகளின் கடைசி வரி, சந்தேகம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்ற பொருளில் முடியும். ஓர் ஆப்ஷன் இன்னொன்றைச் சார்ந்திருக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் பத்து வரிகள் திரையிலிருந்தே மறைந்துபோகும். இந்தச் சார்புகளைக் கவனித்துக்கொள்ளும் இன்றைய கேகான்ஃபிக் முறை 2002இல் கெர்னலுக்குள் வந்தது. தேர்வுகள் எல்லாம் கடைசியில் ஒரு சாதாரண எழுத்துக்கோப்பில் போய் உட்காரும். அதுதான் அந்தக் கெர்னலின் ஜாதகம்.

எந்தப் புராசஸர் என்ற கேள்வி இந்த ஜாதகத்தின் முதல் கட்டம். இதற்கு அந்த நெசவு ஊரின் எல்லையே நல்ல உவமை. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு மாறியதற்கு முன்பும் பின்பும் அந்தப் பக்கத்துச் சந்தைகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன, வியாபாரம் நிற்பதில்லை. புராசஸருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இன்டெல் புராசஸரின் கட்டளைகள் ஒரு மொழி, போனில் இருக்கும் ஆர்ம் வேறு மொழி, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் இன்னொரு மொழி. ஒன்றுக்குக் கம்பைல் செய்த கெர்னலில் அரை வரியைக்கூட மற்றது புரிந்துகொள்ளாது. ரிஸ்க்-ஃபைவில் இன்னொரு சங்கடமும் உண்டு. அது ஒரே மொழியும் அல்ல. அடிப்படைக் கட்டளைகளுக்கு 'ஐ', பெருக்கல் வகுத்தலுக்கு 'எம்', பல கோர்கள் ஒரே நினைவிடத்தை மோதாமல் தொடுவதற்கு 'ஏ', தசம எண்களுக்கு 'எஃப்', 'டி', கட்டளைகளைப் பாதி அளவாகச் சுருக்கி எழுத 'சி', பெரிய பட்டியல்களை ஒரே அடியில் கணக்கிட 'வி' என்று எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போகலாம். சில்லைச் செய்பவர் வேண்டியதை வைத்து வேண்டாததை விடலாம். உரிமத்தொகை கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற சுதந்திரத்தோடு சேர்ந்து வரும் சுமை இது.

அந்தச் சுதந்திரத்தைப் பிடித்துக்கொண்டுதான் சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு சக்தி புராசஸரை உருவாக்கியது. 2018 ஜூலையில் அமெரிக்காவின் ஆரிகனில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் முதல் தொகுதியாக 300 சில்லுகள் வார்க்கப்பட்டு வந்தன. அவற்றுக்கு ரைஸ்க்ரீக் என்று பெயர். பிறகு சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள நம் அரசு ஆலையிலேயே 180 நானோமீட்டர் முறையிலும் சக்தி சில்லு வார்க்கப்பட்டது. 'இந்தியாவின் முதல் புராசஸர்' என்ற ரீதியில் செய்திகள் வந்தபோது, பலர் தாண்டிப்போன வரி ஒன்று அவற்றில் இருந்தது: அந்தச் சில்லில் லினக்ஸ் ஓடியது. எனக்கு அதுதான் தலைப்புச் செய்தி. லினக்ஸ் கெர்னலுக்குள் ரிஸ்க்-ஃபைவ் அதிகாரபூர்வமாக நுழைந்ததே 2018 ஜனவரியில் வெளியான 4.15 பதிப்பில்தான். ஆறே மாதத்தில் அதற்கு ஏற்ற அச்சைப் பிடித்து, கிண்டியில் ஒரு சில்லைப் பேச வைத்தார்கள். சக்தி குடும்பத்திலேயே எல்லாச் சில்லுக்கும் ஒரே விடை இல்லை. சிறிய கருவிகளுக்கான 'ஈ' வகையில், ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி நினைவக வெளி காட்டும் எம்எம்யூ என்ற பகுதி கிடையாது. அதற்கு ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற சின்ன சிஸ்டங்களே போதும். 'சி' வகையில் அது உண்டு, லினக்ஸ் ஓடும். எம்எம்யூ உண்டா இல்லையா என்ற ஒரே குறியில் கெர்னலின் குணமே மாறிவிடும்.

குறி தப்பினால் என்ன ஆகும்? மூன்று விதமாகத் தப்பலாம், மூன்றும் மூன்று குணம். சுருக்கக் கட்டளைகளான 'சி' இல்லாத ஒரு சில்லுக்கு, அது உண்டு என்று நட்சத்திரம் போட்டுக் கெர்னலைக் கம்பைல் செய்து தொகுத்ததாக வைத்துக்கொள்வோம். மின்சாரம் வந்து, தொடக்க நிரல் முடிந்ததும் சில்லு கெர்னலின் தொடக்கத்துக்குத் தாவும். முதல் இரண்டு பைட் கட்டளையில் தெரியாத மொழி கேட்டு நின்றுவிடும். பிழைச் செய்தியை எழுத வேண்டிய கெர்னலே இன்னும் எழுந்திருக்கவில்லை. அதனால் அதனிடமிருந்து திரையில் ஓர் எழுத்துகூட வராது. சில்லு செத்துவிட்டதா, வயர் கழன்றுவிட்டதா, குறி தப்பா என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத மௌனம் அது. இரண்டாவது, தசம எண் பகுதி சில்லில் இருந்தும் கெர்னலில் அதை அணைத்துவிடுவது. கெர்னல் நன்றாக எழும், நிரல்களும் தொடங்கும், ஆனால் அந்தப் பகுதியை நம்பித் தொகுக்கப்பட்ட நிரல் முதல் தசமக் கணக்கைத் தொட்டதும் சாகும். மூன்றாவதுதான் மோசம். நான்கு கோர் உள்ள சில்லில், பல கோர்களுக்கான ஆப்ஷனைக் காலியாக விட்டால் எதுவும் உடையாது. எல்லாம் ஓடும், ஒரே கோரில். மற்ற மூன்றும் சும்மா கிடக்கும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். தறியில் கோடு விழுந்தால் கண்ணுக்காவது தெரியும்.

குறியைக் கவனித்துப் போட வேண்டும் என்பதற்கு முதலில் வரும் மறுப்பு நியாயமானதே. உபுண்டு, டெபியன் போன்ற ரெடிமேட் லினக்ஸ் ஒன்றை இறக்கினால் எந்த லேப்டாப்பிலும் ஓடுகிறதே, யார் உட்கார்ந்து 15,000 வரியைப் பார்க்கிறார்கள்? இதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. தொடக்க காலத்தில் தந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எந்த மாணவரும் கெர்னல் தொகுக்கவில்லை, எல்லாம் ஓடியது. ஓடியதற்குக் காரணம் பிசி உலகத்தின் ஒழுங்கு. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் வம்சாவளியில், நினைவகம் எவ்வளவு, என்னென்ன கருவிகள் என்று மதர்போர்டே கெர்னலிடம் சொல்லிவிடும். கெர்னலைத் தொகுத்தவர்கள் எல்லா டிரைவர்களையும் மாட்யூலாக அடைத்து அனுப்பிவிடுவார்கள். ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் பக்கம் அந்தச் சௌகரியம் குறைவு. எந்த முகவரியில் எந்தக் கருவி என்று டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பை எழுதித் தந்தால்தான் பல போர்டுகளில் கெர்னலுக்கு வழி தெரியும்.

இன்னொன்று, ரெடிமேட் கெர்னல் என்பது யாரோ ஒருவர் நமக்காகக் குறி போட்டு வைத்தது. அவர் குறைந்தபட்சத் தகுதியை உயர்த்தினால் கீழே இருப்பவர் வெளியே நிற்க வேண்டியதுதான். 2012இல் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகை வந்தபோது இதுதான் நடந்தது. அதிலிருந்த ஆர்ம் புராசஸர் ஆறாம் தலைமுறை. தசம எண் பகுதி உண்டு. டெபியனின் அப்போதைய வேகமான ஆர்ம் தொகுப்போ ஏழாம் தலைமுறையை எதிர்பார்த்தது. பழைய தொகுப்பு ஓடும், ஆனால் தசம எண் பகுதியைத் தொடாது. தன்னார்வலர்கள் சிலர் 35,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை அந்த ஒரு புராசஸருக்காக மறுபடி கம்பைல் செய்து ராஸ்பியன் என்று வெளியிட்டார்கள். பை உலகம் முழுக்கப் பரவியதில் அதன் மலிவு விலைக்கு இருக்கும் பங்கு எல்லாருக்கும் தெரியும், அந்தக் கம்பைல் வேலைக்கு இருக்கும் பங்கு பலருக்குத் தெரியாது. அதே கதை இப்போது ரிஸ்க்-ஃபைவில் நடக்கிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, ஆர்விஏ23 என்ற புதிய தரத்துக்குக் குறைந்த சில்லுகளில் ஓடாது. அந்தத் தரம் வெக்டர் கட்டளைகளை, அதாவது மேலே சொன்ன 'வி'யை, கட்டாயமாக்குகிறது. வெக்டர் பகுதிக்கு அதிகாரபூர்வ ஒப்புதல் கிடைத்ததே 2021இல். 2018இல் வார்த்த சக்தி சில்லில் அது இருக்க வழியில்லை. உபுண்டு செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கு வரப்போகும் சில்லுகளைப் பற்றிய கவலை. நம் சில்லைப் பற்றிய கவலை நமக்குத்தான் இருக்க வேண்டும்.

நினைவகம் மலிந்துவிட்டது, கொஞ்சம் வேகத்துக்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களோடு பாதி தூரம் நானும் வருகிறேன். வீட்டு லேப்டாப்பில் கெர்னலைச் செதுக்கிச் செதுக்கி இரண்டு விழுக்காடு வேகம் கூட்டுவது ஒரு பொழுதுபோக்கு. ஆனால் வேகம் இந்த வேலையின் சின்ன லாபம். கெண்ட்ரைட் கே210 என்ற ரிஸ்க்-ஃபைவ் சில்லில் மொத்த நினைவகமே 8 எம்பி, எம்எம்யூவை லினக்ஸ் பயன்படுத்த முடியாது. அதற்கென்று தனியே குறி போட்ட கான்ஃபிக் கோப்பு ஒன்று லினக்ஸ் மூலநிரலோடேயே வருகிறது, அதனால் அங்கேயும் லினக்ஸ் எழுகிறது. ரெடிமேட் கெர்னல் அந்த 8 எம்பிக்குள் காலே வைக்காது. பாதுகாப்பு இதைவிடப் பெரிய விஷயம். டிசிசிபி என்றொரு நெட்வொர்க் முறை. கிட்டத்தட்ட யாரும் பயன்படுத்தாதது. 2005இல் கெர்னலுக்குள் வந்தது, 2017இல் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தார்கள். சாதாரணப் பயனர் ஒருவர் எந்திரத்தின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றக் கூடிய ஓட்டை. எல்லாவற்றையும் அடைத்து அனுப்பிய ரெடிமேட் கெர்னல்கள் பலவற்றில் அது பதினோரு ஆண்டுகளுக்கு மேல் திறந்தே கிடந்தது. அந்த ஒரு வரியைக் காலியாக விட்டுத் தொகுத்தவர்களுக்கு அது ஒரு செய்தியாகக்கூட இல்லை. மின்வாரிய மீட்டரிலும் செயற்கைக்கோளிலும் போய் உட்காரப்போகும் சில்லுக்கு எது வேண்டாம் என்று சொல்லத் தெரிவது முதல் காவல்.

சில்லு விற்கும் நிறுவனமே கெர்னலையும் தந்துவிடும், வாங்குபவர் ஏன் கவலைப்பட வேண்டும் என்றும் சொல்வார்கள். தரும், ஒரு தடவை. அதன் பிறகு அந்தப் பதிப்பிலேயே பல கருவிகள் உறைந்துவிடுவதை நம் பழைய போன்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பொதுக் கெர்னலுக்குள்ளேயே இடம் பிடித்தவர்களுக்கும் நிரந்தரப் பட்டா கிடையாது. 2018இல் வந்த 4.17 பதிப்பில், பராமரிக்க ஆளில்லை என்று பிளாக்ஃபின் உட்பட எட்டுப் புராசஸர் வகைகளை ஒரே மூச்சில் நீக்கினார்கள். இன்டெல்லும் எச்பியும் கோடி கோடியாகப் பணம் போட்ட இட்டானியம் 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் வெளியே போனது. லினக்ஸ் பிறந்த மண்ணான 386கூட 2013இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பணமோ பழமையோ யாரையும் அங்கே காப்பாற்றவில்லை. ஒவ்வொரு புதிய பதிப்பையும் தன் சில்லில் தொகுத்துப் பார்த்து, உடைந்ததைத் திருத்தி அனுப்புகிற ஆட்கள் இருக்கும்வரை ஒரு புராசஸர் அங்கே இருக்கும்.

அந்த ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதுதான் என் ஆதங்கம். மத்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் திட்டம் அறிவித்தது. ஆலை வேண்டும், மறுக்கவில்லை; ஆனால் குறி போடத் தெரிந்த ஆட்களும் வேண்டும். டிக் போடுகிற வேலையும் சில்லு வடிவமைப்பும் சமமா என்று சிரிப்பவர்கள், மேலே சொன்ன மௌனத் திரையின் முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அச்சில் இழை கோர்ப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் நூலை ஓட்டையில் விடுவதுதான். ஆலைக்குக் கோடிகள் தேவைப்படுகிற இடத்தில் இந்த வேலைக்கு ஆகும் செலவு என்ன என்று பாருங்கள்: ஒரு சாதாரண லேப்டாப், இணைய இணைப்பு, பொறுமை. இன்டெல் லேப்டாப்பிலேயே ரிஸ்க்-ஃபைவ் கெர்னலைத் தொகுக்கலாம். சில்லு கையில் இல்லையென்றால் க்யூஎம்யூ என்ற இலவச மென்பொருள் அந்தச் சில்லைப் போல நடித்துக்காட்டும். பொறியியல் கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தேர்வுக்கு வரையறைகளை மனப்பாடம் செய்கிற மாணவர், ஒரே ஒரு தடவை ரிஸ்க்-ஃபைவ் கெர்னலுக்குத் தானே குறி போட்டு, எழவில்லை என்றால் ஏன் எழவில்லை என்று கண்டுபிடித்தால் போதும், பாடம் நிற்கும். அரசுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு உள்நாட்டுச் சில்லுக் கருவியோடும் அதன் கான்ஃபிக் கோப்பையும் பொதுவில் வைக்கச் சொல்வதும் கடினமில்லை. லினக்ஸின் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமம், கெர்னலை விநியோகிப்பவர் மூலநிரலோடு கம்பைலைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளையும் சேர்த்தே தர வேண்டும் என்கிறது. கேட்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

திருவள்ளூர் மாவட்டத்து வீடுகளின் பரணில் அந்த 2011 லேப்டாப்புகள் இன்னும் சில கிடக்கக்கூடும். ஒன்று கிடைத்து, பாஸ் லினக்ஸ் எழுந்தால், 'பூட்' என்ற ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள். 'கான்ஃபிக்' என்று பெயர் தொடங்கும் ஒரு கோப்பு இருக்கும். அதை எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம், பாஸ்வேர்டு கேட்காது.